வேலாயுதத்தின் நாற்பத்தொரு ஃபைல்கள்

1. பஸ்

ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், ஹப்சிகுடா நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஊர் புதிது, மொழி புதிது. படியைத் தாண்டியதும் பின்வரிசையிலிருந்து ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரு குரல் கேட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து புறப்பட்டு, தார்நாகா வழியாக, தூங்குகிறவர்களை மட்டும் ஏற்றிச் செல்லும் விரைவு வண்டி இன்னும் சிறிது நேரத்தில் கேன்டீன் வந்து சேரும்."

அதையே தெலுங்கில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை. பஸ் முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, பெரிய மீசை. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வருவது நம்பும்படி இல்லை.

"என்ன வே, தமிழா? உம்ம முழியே சொல்லுதே. வாரும், இங்கன இடம் இருக்கு."

அவர் வேலாயுதம். பரிசோதனைப் பிரிவு. திருநெல்வேலிக்காரர். பின்னாளில் ஹைதராபாத்தில் இருபத்தைந்து வருடத்தைக் கழித்த பிறகும் அவருடைய பேச்சில் புதிதாகச் சேர்ந்தது 'நக்கோ' என்ற ஒரே சொல்தான். வேண்டாம் என்பதற்கு அது வசதியாக இருக்கிறது என்பார். அன்றிலிருந்து நாங்கள் பக்கத்து இருக்கை.

இப்போதும் மதியத்தில் கண்ணயர்ந்தால் அந்த பஸ் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே பாறைகள் மெதுவாக மிதந்து போகின்றன. உள்ளே எல்லோரும் இருக்கிறோம், யாருக்கும் வயதாகவில்லை. வேலாயுதம் எழுந்து நின்று அறிவிப்பு சொல்கிறார். வாய் அசைகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை.

அது ஏன் எனக்குக் கேட்பதில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் துறையில் புதிதாக நுழைகிறவர்களுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டென்றால் நல்லது. இல்லாவிட்டாலும் நான் எழுதியாக வேண்டும்.

2. இரண்டு கையெழுத்து

நான் தொழில்நுட்ப ஆவணப் பிரிவின் பொறுப்பில் இருந்தேன். பொதுத்துறை நிறுவனம், பெயர் தேவையில்லை. எங்களிடம் ஆயிரக்கணக்கில் டிராயிங்குகள் இருந்தன. இடம் போதாமல் அவற்றை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துவிட்டுக் காகிதத்தை அழிப்போம். அதற்கு ஒரு முறை உண்டு. ஃபிலிம் சுருளின் முதல் சில படங்களையும் கடைசிச் சில படங்களையும் சரிபார்க்க வேண்டும். பிறகு 'நகல் சரிபார்க்கப்பட்டது, மூலம் அழிக்கப்பட்டது' என்ற சான்றில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு மூலம் இருக்கக் கூடாது. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது எங்கள் பிரிவில் ஒழுங்கீனம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலியான அலமாரியைப் பார்த்தால் எனக்கு ஒரு நிறைவு வரும்.

ஊழியர்களுக்கான மாத இதழில் ஒரு பக்கமும் எழுதிவந்தேன். எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம், எந்த செல்போன், இன்டர்நெட்டுக்கு எந்த மோடம் என்றெல்லாம். மென்பொருள் கம்பெனிகள் மாதத்துக்கு ஒன்றாக முளைத்த காலம் அது. "ராமநாதன் சார் சொல்லிட்டாரா? அப்ப வாங்கிடு" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அது என் காதில் விழும்படி பார்த்துக்கொள்வேன். ஃபைல்களை எந்த மென்பொருளிலும் திறக்கிற திறந்த வடிவத்தில் வைப்பதா, செய்த கம்பெனியின் மென்பொருளில் மட்டும் திறக்கிற பூட்டிய வடிவத்தில் வைப்பதா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. அதைப் பற்றியும் ஒரு மாதம் எழுதினேன். 'எல்லோரும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே தரம். மற்றதெல்லாம் கல்லூரிப் பையன்களின் கொள்கைச் சண்டை' என்பது என் முடிவு. அந்த வரிக்கு நிறையப் பாராட்டு வந்தது.

பயிற்சிப் பாடங்களை ஒலியாகப் பதிந்து வைக்க ஒரு மென்பொருள் வாங்கத் தீர்மானித்தோம். வெளிநாட்டில் ஒரு சிறிய கம்பெனி செய்தது. பேச்சை அது பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். ஆனால் சுருக்கியதைத் திறக்கவும் அதே மென்பொருள்தான் வேண்டும். மென்பொருளை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, இன்டர்நெட் வழியாக அந்தக் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும்.

என் பிரிவில் ஷாஹீன் என்ற இளம் இன்ஜினியர் இருந்தாள். பழைய நகரத்துப் பெண். ஆங்கிலத்தில் தொடங்கி, கோபம் வந்தால் தக்கனிக்கு, அந்த ஊர் உருதுவுக்கு, மாறிவிடுவாள்.

"கைக்கு சார்? எம்பி3 மே ரக்லோ நா! கல் யே கம்பெனி பந்த் ஹோகயி தோ?" என்றாள். ஏன் சார், எல்லாக் கருவியிலும் திறக்கிற வடிவத்தில் வைக்கலாமே, நாளைக்கு இந்தக் கம்பெனியை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"அவங்க மூடினா நாமளும் ரிட்டயர் ஆயிருப்போம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நோட் ஷீட்டில் தன் ஆட்சேபத்தை நான்கு வரியில் எழுதி என் மேஜைக்கு அனுப்பினாள். நான் ஓரத்தில் பச்சை மையில் 'பொருத்தமற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மென்பொருள் வந்து சேர்ந்தது.

3. மைக்ரோஃபிலிம் அறையில் பதினொரு நாள்

அடுத்த மழைக்காலத்தில் வேலாயுதத்துக்குத் தொண்டை கட்டியது. ஜலதோஷம் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து அது புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

பஸ்ஸில் என் பக்கம் குனிந்து சொன்னார். குரல் கரகரத்திருந்தது, ஆனால் அவர் குரல்தான்.

"வே, மவ உமா இப்ப ஒன்பதாங்கிளாஸ். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா நான் ஊமை மாதிரி நிக்கணும். இப்பவே பேசி வச்சிட்டா என்ன?"

"பேசி வைங்க. என்கிட்ட மைக் இருக்கு, ரூம் இருக்கு" என்றேன்.

மைக்ரோஃபிலிம் வேலை நின்றுபோய் அந்த அறை சும்மா கிடந்தது. கனத்த கதவு, ஜன்னல் கிடையாது, ஏ.சி.யின் மெல்லிய முனகல் மட்டும். உள்ளே உட்கார்ந்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கும். பதினொரு நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அவர் அங்கே தனியாக உட்கார்ந்து பேசினார். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன். கதவு வழியாகச் சொற்கள் கேட்காது. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும், பக்கத்து ஊரில் யாரோ பாடுவது போல, லேசாகக் கேட்கும். ஒரு நாள் உள்ளே அவர் தானாகச் சிரிப்பது கேட்டது. இன்னொரு நாள் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு ஃபைல்கள். கல்யாண வரவேற்பில் எல்லோருக்கும் நன்றி சொல்லும் பேச்சு ஒன்று. உமாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது போல ஒன்று. மனைவிக்குச் சில. மிச்சம் என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் பயிற்சிப் பாடங்களுக்கு வாங்கிய அந்த மென்பொருளில் ஏற்றிச் சுருக்கினேன். இரண்டு சி.டி. பிடிக்க வேண்டியது ஒரு சி.டி.யின் ஓரத்தில் அடங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. பிறகு எங்கள் முறைப்படி ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்தையும் முடிவையும் கேட்டுச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஃபைலின் எண்ணைச் சொல்லியிருந்தார். முடிவில் "அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார். நாற்பத்தொன்றும் சரியாக இருந்தன.

"மூலத்தை அழிச்சிடலாமா? ஹார்ட் டிஸ்க்ல இடம் வேணும்" என்றேன். விளையாட்டாக அழிப்புச் சான்றின் படிவம் ஒன்றை நிரப்பி அவரிடம் நீட்டினேன். "ரெண்டாவது கையெழுத்து நீங்கதான்."

பேனாவை வாங்கியவர் ஒரு நிமிடம் நின்றார்.

"பத்து வருஷம் கழிச்சும் திறக்கும்லா?"

ஷாஹீனின் நான்கு வரி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வரவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்தேன். வந்தது.

"திறக்கும். நான் கேரண்டி" என்றேன்.

"நீரு சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். படிவத்தின் கார்பன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் மூலத்தை அழித்தேன்.

4. கல்யாணம்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலாயுதம் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஹப்சிகுடா வரும்போது பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்: 'தூங்குகிறவர்கள் இறங்க வேண்டாம்.' சிரிப்போம். ஆனால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் அதிகமானார்கள்.

ஏழெட்டு வருடம் போனது. உமா படித்து முடித்து மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் நிச்சயமானது. பத்து நாள் இருக்கும்போது வேலாயுதம் என் அறைக்கு வந்து பலகையை நீட்டினார்: 'ஒன்றாம் நம்பர் ஃபைல். ரிசப்ஷனுக்கு.'

சி.டி. பத்திரமாக இருந்தது. ஆனால் இடையில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள். புது கம்ப்யூட்டரில் மென்பொருளை ஏற்றினேன். அனுமதிக்காக அது சர்வரைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி, வாங்கிய கம்பெனி அந்த வேலையையே நிறுத்திவிட்டிருந்தது. சர்வர் இல்லை. என் மேஜை மேல் இருக்கும் சி.டி.யை நான் கேட்க அனுமதி தர வேண்டியவர் உலகத்திலேயே இல்லை. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி எத்தனை மதியங்கள் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

எட்டாவது நாள் வேலாயுதம் மறுபடி வந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கொடுத்த கேரண்டி, என் மாதப் பக்கம், பச்சை மையில் எழுதிய அந்த ஒரு சொல், எல்லாம் வெளியே வரும்.

"டிஸ்க் போயிடுச்சு வேலாயுதம். கிராஷ். எதுவும் மிச்சமில்ல. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். பலகையில் 'விடும்' என்று எழுதினார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வரவேற்பு மேடையில் கைகூப்பியபடி நின்றார். வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் சத்தம் போட்டுப் பேசினார்கள், காது கேட்காதவரிடம் பேசுவது போல. சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் உமா பட்டுப்புடவையோடு என்னை நிறுத்தினாள்.

"அங்கிள், ஃபுல் ஸ்பீச் வேணாம். எங்கயாச்சும் ஒரு வேர்டு இருக்குமா? ஸ்கூல் கேட்ல நின்னு 'ஏட்டி உமா'ன்னு கத்துவாங்க. ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி ஷேமா இருக்கும், 'நானா, அட்ல பிலவொத்து', அப்படிக் கூப்பிடாதீங்கப்பான்னு சண்டை போடுவேன். இப்ப யாரும் என்னை ஏட்டின்னு கூப்பிடறதில்ல."

"இல்லம்மா" என்றேன். "ஒண்ணும் இல்ல."

சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று நினைவில்லை.

5. வரைவு

நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது தில்லியிலிருந்து ஒரு வரைவு வந்தது. அரசு ஆவணங்களை எந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவான திறந்த வடிவமாக இருக்க வேண்டுமா என்று எங்கள் நிறுவனத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட விவாதம் அப்போது எங்கும் நடந்தது. செய்தித்தாளில் இரண்டு பக்கமும் எழுதினார்கள். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு. ஷாஹீன் அப்போது துணை மேலாளர்.

ஒரு பக்கம் எழுதினேன். 'ஒரு வடிவத்தைச் செய்தவர்கள் இல்லாமல் போன பிறகும் அதைப் படிக்க முடிய வேண்டும். படிக்கும் வழியை எல்லோரும் அறியும்படி எழுதி வைக்க வேண்டும். சேமித்தவரைத் தவிர வேறு யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது.'

ஷாஹீன் இரண்டு முறை படித்தாள். "சார், இது நான் எழுதின மாதிரி இருக்கு. அப்போ 'பொருத்தமற்றது'ன்னு போட்டீங்களே. க்யா ஹுவா? என்ன ஆச்சு?"

கதவைச் சாத்தச் சொல்லி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வேலாயுதத்தின் கதையைக் கேட்டு முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"பழைய கம்ப்யூட்டர் எங்க சார்? அதுல மென்பொருள் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருக்குமே. சர்வரே வேணாம். சி.டி.யைப் போட்டா பாடியிருக்கும்."

பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

"சார்?"

பழைய கம்ப்யூட்டர்கள் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தன. உமாவின் கல்யாணத்தன்றும் அங்கேதான் கிடந்தன. அது எனக்குத் தெரியும். வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு முறை அந்தக் கொட்டகை நினைவுக்கும் வந்தது. ஆனால் கழித்துக்கட்டிய சாதனத்தை வெளியே எடுக்கக் காரணம் எழுதி நோட் போட வேண்டும். அந்த நோட் ஷாஹீனின் மேஜையைத் தாண்டித்தான் போகும். போடவில்லை. கல்யாணம் முடிந்து நான்கு மாதம் கழித்து ஏலம் நடந்தது. கழிவுப் பட்டியலில் பிரிவுத் தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

ஷாஹீன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். கோபமாகத் தக்கனியில் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "சி.டி.யைக் குடுங்க சார், காப்பி எடுத்துக்கறேன்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

பல வாரம் முயன்றாள். இன்டர்நெட்டில் இப்படிப் பூட்டிய வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்றும், அவர்களிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். ஃபைல்களில் ஒரு பைட்டும் கெடவில்லை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக்கூடப் படிக்க முடிகிறது, பேச்சை மட்டும் எடுக்க முடியவில்லை என்றாள்.

6. பலகை

ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு காலையில் ஏ.எஸ்.ராவ் நகரில் வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனேன். மேகம் மூடி, வெயில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத காலை. மாடியில் இருவரும் உட்கார்ந்தோம். தொடங்கினேன், கடைசி வரை நிறுத்தாமல் சொன்னேன். டிஸ்க் கிராஷ் ஆகவில்லை. ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. திறக்க முடியவில்லை. ஷாஹீன் அன்றே எச்சரித்தாள். கொட்டகையில் கிடந்த கம்ப்யூட்டரில் திறந்திருக்கும். நான் கேட்டு வாங்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அழிப்புச் சான்றின் கார்பன் நகலோடு திரும்பி வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் எழுதினார்.

'இதுல நானும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தப்பு ரெண்டு பேருக்கும்.'

படித்தேன். துடைத்தார். மறுபடி எழுதினார்.

'கொட்டகை உமக்கு மட்டும்.'

"ஆமாம்" என்றேன்.

அவர் அதை உடனே துடைக்கவில்லை. கீழே தெருவில் ஒரு ஸ்கூல் பஸ் வந்து நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் துடைத்தார்.

'உமாகிட்ட நீரே சொல்லும்.'

உமா அப்போது அமெரிக்காவில் இருந்தாள். வேலாயுதமே எண்ணை அழுத்தி போனை என்னிடம் கொடுத்தார். மறுபடி எல்லாம் சொன்னேன்.

"வெயிட் அங்கிள். அது இருக்கா? அழியலையா?"

"இருக்கும்மா. திறக்கத்தான் முடியல."

"இத்தனை வருஷம் இல்லவே இல்லைன்னு நெனச்சு அழுதிருக்கேன். நீங்க வந்து சாப்பிட்டுட்டுப் போனீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு அனுப்புங்க" என்றாள் கடைசியில். "நாற்பத்தொண்ணையும். அப்புறம் அங்கிள், ப்ளீஸ், உங்ககிட்ட இருக்கறதை எதையும் டெலீட் பண்ணாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வேலாயுதம் அதைக் காதில் வைத்து மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல வேண்டிய இடங்களில் போனை விரல் நகத்தால் தட்டினார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எதைச் சேமித்தாலும் யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில் சேமியுங்கள். மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள், அலமாரி நிறைந்தால் நிறையட்டும். எதிர்க்கருத்து எழுதுகிறவரின் நான்கு வரியை மறுநாளும் ஒரு முறை படியுங்கள். இவை தொழில் பாடங்கள், எந்தப் புத்தகத்திலும் இருக்கும். நான் தாமதமாகக் கற்றது வேறு. வடிவம் பூட்டியதால் அந்தக் குரல் போகவில்லை. பூட்டிவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், திறக்கிற கம்ப்யூட்டர் நூறு கெஜ தூரத்தில் இருந்தது.

அன்று நான் கிளம்பும்போது வேலாயுதம் படிவரை வந்தார். பலகையில் ஏதோ எழுதி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

'இருபத்தாறு உமக்கு.'

"எனக்கா? என்ன பேசினீங்க?"

துடைத்துவிட்டு எழுதினார்: 'திறந்தா கேட்டுக்கும்.' தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல்.

இருபத்தாறாம் ஃபைல் நான்கு நிமிடம் பத்து விநாடி ஓடும் என்று ஷாஹீன் பார்த்துச் சொன்னாள். அதன் தொடக்கத்தையும் முடிவையும் அன்று சரிபார்த்தவன் நான்தான். "இருபத்தாறு" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். "அவ்வளவுதான்" என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.